திடீர் நிறுத்தமும் திரும்பிப் பாயும் வாயுவும்: மையவிலக்குக் கம்ப்ரசர்களைக் காக்கும் வழிகள்

மையவிலக்குக் கம்ப்ரசருக்குள் வாயுவை ஒரு திசையில் மட்டும் போகவிடும் கதவு எதுவும் கிடையாது. உறிஞ்சு பக்கத்துக்கும் வெளியேற்றுப் பக்கத்துக்கும் இடையே வழி எப்போதும் திறந்தே இருக்கிறது. குறைந்த அழுத்தத்திலிருந்து அதிக அழுத்தத்துக்கு வாயுவை ஏற்றுவது இம்பெல்லரின் சுழற்சி ஒன்றுதான். சுழற்சி தளர்ந்ததும் வாயு வந்த வழியே திரும்பத் தொடங்கும். பிஸ்டன் கம்ப்ரசரில் இந்தச் சிக்கல் இல்லை. அதன் ஒவ்வொரு சிலிண்டரிலும் உள்ள சிறு வால்வுகள் அழுத்த வேறுபாட்டால் தாமே மூடிக்கொள்ளும். சிஎன்ஜி நிலையத்து பிஸ்டன் கம்ப்ரசர் சட்டென்று நின்றாலும் அதனுள் வாயு பின்னோக்கி ஓடாதிருப்பதற்கு இதுவே காரணம்.

திட்டமிட்டு நிறுத்தும்போது மையவிலக்குக் கம்ப்ரசரும் அமைதியாகவே நிற்கும். வெளியேற்றுப் பக்க வாயுவை உறிஞ்சு பக்கத்துக்குத் திருப்பும் மறுசுழற்சி வால்வை முதலில் திறந்து, சுமையைக் குறைத்து, வேகத்தைப் படிப்படியாக இறக்கி, கடைசியில் இயக்கியை நிறுத்துவார்கள். எதிர்பாராத நிறுத்தத்தில், ஆலைக்காரர்கள் சொல்வதுபோல் மெஷின் ட்ரிப் ஆகும்போது, இந்த வரிசைக்கு நேரமில்லை. மின்சாரம் போகலாம், மசகு எண்ணெயின் அழுத்தம் விழலாம், அதிர்வு எல்லை மீறலாம், நீராவி டர்பைனின் ட்ரிப் வால்வு மூடலாம். காரணம் எதுவானாலும் விளைவு ஒன்றே. இயக்கும் திறன் ஒரு நொடியில் பூஜ்யமாகிறது, வெளியேற்றுக் குழாயில் முழு அழுத்தத்தில் வாயு நிற்கிறது.

அங்கிருந்து தொடங்குவது ஒரு போட்டி. ரோட்டரின் வேகம் எவ்வளவு விரைவாகக் குறைகிறது, வெளியேற்றுப் பக்கத்தின் அழுத்தம் எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதே அதன் பொருள். அழுத்தம் முந்திக் குறைந்தால் வாயு திரும்பாது. வேகம் முந்திக் குறைந்தால் திரும்பும். வாயுவை ஒரே திசையில் மட்டும் விடும் செக் வால்வு, மறுசுழற்சி வால்வு, கட்டுப்பாட்டுக் கருவி ஆகிய மூன்றும் இந்தப் போட்டியில் பங்கேற்பவை. ஆனால் முடிவைப் பெரிதும் தீர்மானிப்பது, இவற்றுக்கிடையே எத்தனை மீட்டர் குழாய் இருக்கிறது என்ற கேள்வி.

முதல் வினாடியில் நடப்பது

கம்ப்ரசர் ஏற்றித்தரக்கூடிய அழுத்தத் திறன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். வேகம் 100 விழுக்காட்டிலிருந்து 70 விழுக்காடாகக் குறைந்தால் அந்தத் திறன் ஏறத்தாழ 49 விழுக்காடாக, அதாவது பாதியாக, விழுகிறது. பெரிய குழாய்வழிக் கம்ப்ரசர்களில் ட்ரிப் ஆன முதல் வினாடியிலேயே வேகம் 20 முதல் 30 விழுக்காடு வரை குறைவது இயல்பு.

இந்த வீழ்ச்சியை ஓர் எளிய கணக்கால் மதிப்பிடலாம். சுழலும் பாகங்கள் அனைத்தின் இயக்க ஆற்றலையும் இரட்டித்து, கம்ப்ரசர் உட்கொள்ளும் திறனால் வகுத்தால் ஒரு கால அளவு கிடைக்கும். 10 மெகாவாட் உட்கொள்ளும் கம்ப்ரசரின் சுழலும் பாகங்களில் 12 மெகாஜூல் ஆற்றல் இருந்தால் அந்தக் கால அளவு 2.4 வினாடி. சுமை வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைவதாகக் கொண்டால், ஒரு வினாடி கழித்து வேகம் 70 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். அதே கம்ப்ரசருடன் கனமான மோட்டாரும் கியர்பெட்டியும் சேர்ந்து ஆற்றல் 24 மெகாஜூலாக இருந்தால், ஒரு வினாடியின் முடிவில் வேகம் 83 விழுக்காடு. அழுத்தத் திறன் இன்னும் 69 விழுக்காடு மீதம் இருக்கும். ரோட்டரின் கனம் இங்கே பாதுகாப்பின் பக்கம் நிற்கிறது.

இயக்கிக்கு இயக்கி இந்தக் கணக்கு மாறும். மின்மோட்டாரில் மின்சாரம் நின்றதும் முறுக்குவிசை உடனே மறைகிறது. ஆனால் மோட்டாரின் ரோட்டர் கனமானது. நீராவி டர்பைனில் ட்ரிப் வால்வு மூடிய பிறகும், உள்ளே மீந்திருக்கும் நீராவி சிறிது நேரம் தள்ளிக்கொண்டிருக்கும். இரண்டு தண்டு கொண்ட வாயு டர்பைனில் கம்ப்ரசருடன் இணைந்திருப்பது இலகுவான பவர் டர்பைன் மட்டுமே. எரிவாயு தடைபட்டதும் அது விரைவாக வேகம் இழக்கும். எனவே வாயு டர்பைன் ஓட்டும் குழாய்வழிக் கம்ப்ரசர்களில் போட்டி மிகக் கடுமையாகிறது.

வேகம் குறையும்போது கம்ப்ரசரின் செயல்புள்ளி, நிலையான ஓட்டத்தின் எல்லையான சர்ஜ் கோட்டை நோக்கி நகரும். வெளியேற்றுப் பக்க அழுத்தத்தை எதிர்த்து நிற்க முடியாத நிலையில் ஓட்டம் தலைகீழாகிறது. இந்தத் திருப்பம் நிகழச் சில பத்து மில்லிவினாடிகள் போதும். பின்னோக்கி ஓடிய வாயுவால் வெளியேற்றுப் பக்க அழுத்தம் சற்றுக் குறைந்ததும் ஓட்டம் மீண்டும் முன்னோக்கி வரலாம். பிறகு மீண்டும் திரும்பலாம். இந்த அலைக்கழிப்பே சர்ஜ். வெளியேற்றுப் பக்கத்துக் குழாயில் அடைபட்ட வாயு அதிகமாக இருந்தால் அலைக்கழிப்பு முடிந்த பிறகும் ஓட்டம் முன்னோக்கித் திரும்பாது. வாயு தொடர்ந்து பின்னோக்கிப் பாய்ந்து, கம்ப்ரசரை டர்பைனாக்கி, ரோட்டரை எதிர்த்திசையில் சுழற்றும்.

எவை சேதமடைகின்றன

முதல் அடி தள்ளு பேரிங்கில் விழுகிறது. சர்ஜின்போது ரோட்டரின் அச்சுவழி விசை ஒவ்வொரு அலைக்கழிப்பிலும் திசை மாறுவதால், அந்த பேரிங்கின் இரு பக்கப் பட்டைகளும் மாறி மாறி அடிவாங்கும். வெளியேற்றுப் பக்கச் சூட்டு வாயு திரும்பத் திரும்ப உள்ளே வருவதால் இம்பெல்லரும் லாபிரிந்த் சீல்களும் சூடேறும். இடைவெளிகள் குறுகி உரசல் ஏற்படும்.

எதிர்த்திசைச் சுழற்சி உலர் வாயு சீல்களுக்கு ஆகாது. இந்த சீல்களின் சுழலும் முகத்தில் மிக மெல்லிய பள்ளங்கள் செதுக்கப்பட்டிருக்கும். சரியான திசையில் சுழலும்போது அவை வாயுவை நடுவுக்கு இழுத்து, இரு முகங்களுக்கும் இடையே சில மைக்ரான் இடைவெளியை உருவாக்கும். ஒருதிசைப் பள்ளம் கொண்ட சீல் எதிர்த்திசையில் சுழன்றால் அந்த இடைவெளி உருவாகாமல் முகங்கள் ஒன்றோடொன்று தேயும். இருதிசைப் பள்ளம் கொண்ட சீல்கள் இந்த ஆபத்தைக் குறைக்கின்றன. ஆனால் சரியான திசையில் ஓடும்போது அவை தரும் வாயுப்படலம் சற்று மெலிந்தது.

பேரிங்குகளின் கதையும் இதுபோன்றதே. சாய்பட்டை பேரிங்கின் பட்டைகள் நடுவில் தாங்கப்பட்டிருந்தால் இரு திசையையும் ஏற்கும். ஒரு பக்கம் ஒதுக்கித் தாங்கப்பட்டிருந்தால் எதிர்த்திசையில் எண்ணெய்ப் படலம் சரியாக அமையாது. மசகு எண்ணெய் பம்பு கம்ப்ரசர் தண்டாலேயே ஓட்டப்படும் அமைப்பில் எதிர்த்திசைச் சுழற்சியின்போது எண்ணெயே வராது. அந்த நேரத்தில் துணைப் பம்போ, பேட்டரியில் ஓடும் பம்போ, உயரத்தில் வைத்த எண்ணெய்த் தொட்டியோதான் பேரிங்குகளுக்கு எண்ணெய் தரவேண்டும். எதிர்த்திசையில் சுழன்றுகொண்டிருக்கும் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திரும்பக் கொடுப்பது இன்னும் பெரிய ஆபத்து. அப்போது எழும் முறுக்குவிசை இணைப்பையும் தண்டையும் முறிக்கக்கூடும்.

சேதம் கம்ப்ரசரோடு நிற்பதில்லை. உறிஞ்சு பக்கத்துக் குழாயும் கலன்களும் குறைந்த அழுத்தத்துக்கே வடிவமைக்கப்பட்டவை. வெளியேற்றுப் பக்க வாயு தடையின்றித் திரும்பினால் அங்கே அழுத்தம் வரம்பு மீறும்.

அடைபட்ட வாயுவின் கணக்கு

கம்ப்ரசரின் வெளியேற்று வாயிலிருந்து செக் வால்வு வரையிலும், மறுசுழற்சி வால்வு வரையிலும் உள்ள குழாய், குளிர்விப்பான், கலன் ஆகியவற்றின் மொத்தக் கொள்ளளவே இந்தச் சிக்கலின் மையம். செக் வால்வு சரியாக மூடினாலும் அதற்கும் கம்ப்ரசருக்கும் இடையில் அடைபட்ட வாயுவை அது தடுக்க முடியாது. அந்த வாயு போவதற்கு இரண்டே வழிகள் உண்டு: மறுசுழற்சி வால்வு வழியே உறிஞ்சு பக்கத்துக்கு, அல்லது கம்ப்ரசர் வழியே பின்னோக்கி.

ஓர் எடுத்துக்காட்டு. உறிஞ்சு பக்கம் 45 பார், வெளியேற்றுப் பக்கம் 70 பார் அழுத்தத்தில் இயங்கும் இயற்கை வாயுக் கம்ப்ரசர். வெளியேற்றுக் குழாயின் உள்விட்டம் அரை மீட்டர். செக் வால்வு 30 மீட்டர் தொலைவில் இருந்தால் இடையில் அடைபடும் கொள்ளளவு ஏறத்தாழ 6 கன மீட்டர். அந்த அழுத்தத்தில் வாயுவின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 50 கிலோ. ஆக 300 கிலோ வாயு அங்கே நிற்கிறது. ஒரு வினாடியில் வேகம் 70 விழுக்காடாகக் குறைந்தால் கம்ப்ரசரின் அழுத்தத் திறன் பாதியாகிவிடும். அப்போது அது தாங்கக்கூடிய வெளியேற்றுப் பக்க அழுத்தம் ஏறத்தாழ 56 பார். ஆகவே அந்த ஒரு வினாடிக்குள் அடைபட்ட வாயுவில் ஐந்தில் ஒரு பங்கை, ஏறத்தாழ 60 கிலோவை, மறுசுழற்சி வால்வு வெளியேற்றியாக வேண்டும். கம்ப்ரசர் இன்னும் முன்னோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும் வாயுவையும் அதே வால்வுதான் ஏற்கவேண்டும்.

செக் வால்வை 5 மீட்டர் தொலைவுக்குக் கொண்டுவந்தால் அடைபடும் வாயு 50 கிலோ மட்டுமே. வெளியேற்ற வேண்டியது 10 கிலோ. வால்வும் மாறவில்லை, கட்டுப்பாட்டுக் கருவியும் மாறவில்லை. குழாயின் நீளம் மட்டுமே மாறியது. கம்ப்ரசரும் வால்வுகளும் வாங்கப்பட்டுக் குழாய்கள் பற்றவைக்கப்பட்ட பிறகு இந்தக் கொள்ளளவைக் குறைப்பது கடினம் என்பதால், வரைபடக் கட்டத்திலேயே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது பெரிய ஆலைகளில் வழக்கமாகிவிட்டது. ரோட்டரின் நிலைமம், குழாய்க் கொள்ளளவுகள், வால்வு திறக்கும் நேரம், கருவிகளின் தாமதம் எல்லாவற்றையும் சேர்த்து ஒவ்வொரு மில்லிவினாடியாகக் கணிக்கும் இயங்குநிலை மாதிரியாக்கம் இதற்குப் பயன்படுகிறது.

செக் வால்வு: எந்த வகை, எந்த இடம்

மிகப் பழைய வகை ஊசல் செக் வால்வு. மேலே கீலில் தொங்கும் கனமான வட்டு, ஓட்டம் தளரும்போது தன் எடையால் விழுந்து மூடும். வட்டு நகரவேண்டிய தூரம் அதிகம் என்பதால் அது தாமதமாக மூடும். மூடுவதற்குள் ஓட்டம் திரும்பியிருந்தால், பின்னோக்கி வரும் வாயு வட்டை இருக்கையில் ஓங்கி அறையும். ஓட்டம் குறைவாக இருக்கும்போது வட்டு ஓரிடத்தில் நில்லாமல் படபடத்துக் கீலைத் தேய்க்கும்.

இரட்டைத் தகட்டு செக் வால்வில் இரண்டு அரைவட்டத் தகடுகள் ஸ்பிரிங்கால் மூடப்படுகின்றன; எடை குறைவு, நகரும் தூரமும் குறைவு. காஞ்சிபுரத்திலும் கோவையிலும் ஆலைகளைக் கொண்ட எல் அண்ட் டி வால்வ்ஸ் நிறுவனத்தின் தயாரிப்புகளில் இந்த வகையும் உண்டு. அச்சுவழி நாசில் வகை இன்னும் விரைவானது. அதன் வட்டு குழாயின் அச்சிலேயே சிறிது தூரம் முன்பின் நகரும். ஸ்பிரிங் எப்போதும் அதை மூடும் திசையில் தள்ளிக்கொண்டிருக்கும். ஓட்டம் பூஜ்யத்தை நெருங்கும்போதே வட்டு இருக்கையைச் சேர்ந்துவிடுவதால் அறைதல் குறைகிறது. விலை கூடுதலானாலும், முக்கியமான கம்ப்ரசர்களின் வெளியேற்றுக் குழாய்க்கு இந்த வகையே பெரும்பாலும் விரும்பப்படுகிறது. வால்வின் அளவு குழாயின் அளவுக்கல்ல, ஓட்டத்துக்கே பொருந்தவேண்டும். அளவு மிகுந்த வால்வு முழுவதும் திறக்காமல் படபடக்கும். தேய்ந்த பாகங்கள் தேவைப்படும் நாளில் கைவிடும்.

இடம் இரண்டு நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டது. செக் வால்வு கம்ப்ரசருக்கு எவ்வளவு அருகில் அமைய முடியுமோ அவ்வளவு அருகில் இருக்கவேண்டும். மறுசுழற்சிக் குழாய் கம்ப்ரசருக்கும் செக் வால்வுக்கும் இடையிலிருந்தே பிரியவேண்டும். செக் வால்வைத் தாண்டிய பிறகு மறுசுழற்சிக் குழாய் பிரிந்தால், வால்வு மூடியதும் அடைபட்ட வாயுவுக்கு மறுசுழற்சி வழி இல்லாமல் போகும்.

பல கம்ப்ரசர்கள் ஒரே தலைக்குழாயில் இணையும்போது ஒவ்வொன்றுக்கும் தனி செக் வால்வு கட்டாயம். இல்லையென்றால் ஒன்று நின்றதும் மற்றவை தள்ளும் வாயு அதன் வழியே திரும்பும். குஜராத்தின் ஹஜீராவில் தொடங்கும் கெயில் நிறுவனத்தின் ஹஜீரா–விஜய்ப்பூர்–ஜகதீஷ்பூர் போன்ற நெடுங்குழாய்வழிகளில், நிலையத்தின் செக் வால்வுக்கு அப்பால் பல கிலோமீட்டர் நீளத்துக்கு அழுத்தமேற்றிய வாயு நிற்கிறது. அங்கே அந்த ஒரு வால்வின் நம்பகத்தன்மைதான் எல்லாம்.

மறுசுழற்சி வால்வு

ஆன்டி-சர்ஜ் வால்வு என்றும் வழங்கும் மறுசுழற்சி வால்வு அன்றாடம் செய்யும் வேலை, ஓட்டம் குறையும்போது வெளியேற்றுப் பக்க வாயுவில் ஒரு பகுதியை உறிஞ்சு பக்கத்துக்குத் திருப்பி, செயல்புள்ளியை சர்ஜ் கோட்டிலிருந்து பாதுகாப்பான தூரத்தில் வைத்திருப்பது. அதற்கு மெதுவான, துல்லியமான அசைவு வேண்டும். ட்ரிப் நேரத்தில் அதே வால்வு ஒரே பாய்ச்சலில் முழுவதும் திறக்கவேண்டும். இரண்டையும் ஒரே வால்வில் நிறைவேற்றுவதற்காக, கட்டுப்பாட்டுச் சமிக்ஞையைத் தாண்டிச் செயல்படும் சோலனாய்டு வால்வு சேர்க்கப்படுகிறது. மின்சாரம் நின்றதும் சோலனாய்டு தளர்ந்து, ஆக்சுவேட்டரிலிருந்து காற்றை வெளியேற்றும். ஸ்பிரிங் வால்வைத் திறக்கும். மின்சாரமோ கருவிக்காற்றோ போனால் வால்வு திறந்த நிலைக்குப் போகவேண்டும் என்பது மாறாத விதி.

திறக்கும் நேரத்தில் ஒவ்வொரு பகுதியும் கணக்கில் வரும். ட்ரிப் சமிக்ஞை சோலனாய்டை அடையும் தாமதம், காற்று வெளியேறும் நேரம், தண்டு நகரும் நேரம் எல்லாம் சேர்ந்து பெரிய வால்வுகளிலும் ஒரு வினாடிக்குள் முடியவேண்டும் என்று பல திட்டங்கள் கேட்கின்றன. மெல்லிய காற்றுக்குழாய், சிறிய சோலனாய்டுத் துளை, நீண்ட மின்கம்பி வழி போன்ற சிறு விஷயங்கள் இந்த நேரத்தை இரட்டிப்பாக்கிவிடும். விரைவு வெளியேற்று வால்வுகளும் கன அளவு பூஸ்டர்களும் அதைக் குறைக்கின்றன. வால்வின் கொள்திறன் சர்ஜ் ஓட்டத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்காக அமைவது வழக்கம். அதைவிடப் பெரிதாக்கினால் அன்றாடக் கட்டுப்பாடு முரடாகும்.

வெளியேற்றுப் பக்கக் குளிர்விப்பானுக்குப் பிறகு மறுசுழற்சிக் குழாய் பிரிந்தால், உறிஞ்சு பக்கத்துக்குத் திரும்பும் வாயு குளிர்ந்திருக்கும். கம்ப்ரசர் நீண்ட நேரம் மறுசுழற்சியில் ஓடலாம். ஆனால் குளிர்விப்பானின் கொள்ளளவும் அடைபட்ட வாயுவோடு சேர்ந்துவிடுகிறது. அந்தக் கொள்ளளவு பெரிதாக இருக்கும் இடங்களில், கம்ப்ரசர் வாயை ஒட்டியே ஒரு குட்டையான சூட்டு வாயுக் குழாயும் விரைவாகத் திறக்கும் வால்வும் தனியாக வைக்கப்படுகின்றன. அது ட்ரிப் நேரத்துக்கு மட்டுமே. சூட்டு வாயுவை நீண்ட நேரம் சுற்றவிட்டால் கம்ப்ரசர் சூடேறிவிடும் என்பதால் அன்றாடக் கட்டுப்பாட்டுக்கு அது உதவாது.

நிமிடங்களின் வேலை

வெளியேற்றுப் பக்கத்தின் அடைப்பு வால்வை இந்தப் போட்டியில் சேர்க்கக்கூடாது. பெரிய பால் வால்வு மூட அங்குலத்துக்கு ஒரு வினாடி வீதம் எடுத்துக்கொள்வது இயல்பு. 20 அங்குல வால்வு மூட 20 வினாடி ஆகும். வாயு திரும்புவதா இல்லையா என்பது அதற்குள் முடிவாகியிருக்கும். அடைப்பு வால்வின் வேலை அதற்குப் பின்னது: செக் வால்வு வழியே கசியும் வாயுவை நெடுநேரத்துக்குத் தடுப்பது.

ட்ரிப்புக்குப் பின் மறுசுழற்சி வால்வு திறந்தே இருப்பதால் உறிஞ்சு பக்கமும் வெளியேற்றுப் பக்கமும் ஒரே அழுத்தத்துக்கு வந்து அமரும். இந்த அமர்வு அழுத்தம் உறிஞ்சு பக்கத்தின் இயங்கு அழுத்தத்தைவிட அதிகம். உறிஞ்சு பக்கக் கலன்களும் முதல் நிலை சீல்களும் அதைத் தாங்கும்படி வடிவமைக்கப்படவேண்டும்.

செக் வால்வு முழுமையாக மூடாத நிலையையும் வடிவமைப்பாளர் கணக்கில் எடுத்தாகவேண்டும். அழுத்தத் தணிப்பு பற்றிய ஏபிஐ 521 தரநிலை, தொடராக இரண்டு செக் வால்வுகள் இருந்தாலும், பெரிய வால்வின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள துளை வழியே வாயு கசிவதாகக் கொண்டு கணக்கிடும் முறையைத் தருகிறது. அரை மீட்டர் வால்வுக்கு அது 50 மில்லிமீட்டர் துளை. உறிஞ்சு பக்கத்தின் பாதுகாப்பு வால்வு குறைந்தது அந்த ஓட்டத்தையாவது வெளியேற்றக்கூடியதாக இருக்கவேண்டும். எரியும் வாயுவைக் கொண்ட கம்ப்ரசர்களில் கடைசியாக அழுத்த இறக்க வால்வு திறந்து, மீந்த வாயுவை எரித்துவிடும் ஃப்ளேருக்கு அனுப்பும்.

மணலியிலிருந்து முட்டுக்காடு வரை

தமிழ்நாட்டில் மையவிலக்குக் கம்ப்ரசர்கள் செறிந்திருக்கும் இடம் வடசென்னையிலுள்ள மணலி. 1965-இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் உருவான சென்னை பெட்ரோலியக் கழகத்தின் சுத்திகரிப்பு ஆலையும், 1971 முதல் உற்பத்தியில் உள்ள மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் நிறுவனமும் அங்கேயே இருக்கின்றன. எண்ணூரில் திரவ இயற்கை வாயு முனையம் 2019-இல் செயல்படத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலையில் உர ஆலை நாஃப்தாவை விட்டு இயற்கை வாயுவுக்கு மாறியது. இத்தகைய அம்மோனியா ஆலைகளில் காற்று, தொகுப்பு வாயு, குளிரூட்டும் அம்மோனியா ஆகிய ஒவ்வொன்றுக்கும் பெரிய கம்ப்ரசர்கள் தேவைப்படுகின்றன. தொகுப்புச் சுற்றில் நூறு பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் ஹைட்ரஜன் மிகுந்த வாயு நிற்பதால், திரும்பும் ஓட்டம் அங்கே இயந்திரச் சேதத்தோடு தீ அபாயமும் சேர்ந்தது.

சுத்திகரிப்பு ஆலைகளின் வினையூக்கிப் பிளவு அலகில் இந்தச் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. வினையூக்கியைப் புதுப்பிக்கும் கலனுக்குள் முதன்மைக் காற்று ப்ளோயர் காற்றை அனுப்பிக்கொண்டே இருக்கும். கலனில் சுமார் 700 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், மாவுபோன்ற நுண்துகள்கள் அந்தக் காற்றில் மிதக்கின்றன. அழுத்தம் சில பார் மட்டுமே. ஆனால் ப்ளோயர் நின்றால் திரும்பி வருவது சூடான துகள்கள். அவை காற்றுக்குழாயையும் ப்ளோயரையும் அழித்துவிடும். எனவே இங்கே தன் எடையை மட்டும் நம்பும் செக் வால்வு போதாது. ட்ரிப் சமிக்ஞை வந்ததும் காற்றுச் சிலிண்டரால் வட்டை மூடும் திசையில் தள்ளும் உதவி செக் வால்வு பொருத்தப்படுகிறது. கூடவே எண்ணெய் ஊட்டம் திருப்பிவிடப்பட்டு, கலன்களை இணைக்கும் சறுக்கு வால்வுகள் மூடப்படுகின்றன.

தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இதே விதி சிறிய அளவில் தென்படுகிறது. முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு நிலையம் இருக்கிறது. கொடுவா மீனை அடைப்பில் இனப்பெருக்கம் செய்யவைப்பதில் அந்நிறுவனம் 1997-இல் வெற்றி கண்டது. மீன், இறால் குஞ்சு பொரிப்பகங்களில் தொட்டிகளுக்குக் காற்றூட்ட ப்ளோயர்கள் இடைவிடாமல் ஓடவேண்டும். மின்சாரம் நின்றதும் குழாயிலிருந்த காற்று ப்ளோயர் வழியே கசிந்து வெளியேற, தொட்டியின் உவர்நீர் காற்றுக்கல் வழியே குழாய்க்குள் ஏறும். குழாய் நீர்மட்டத்துக்குக் கீழே ஓடினால் நீர் ப்ளோயர் வரை வந்து அதை அரித்துவிடும். தலைக்குழாயை நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்திக் கொண்டுபோவதும், ஒவ்வொரு ப்ளோயருக்கும் செக் வால்வு வைப்பதும் அதற்கான தீர்வுகள். அழுத்தம் ஒரு பாரைக்கூட எட்டாத இந்த அமைப்பிலும் முடிவைத் தீர்மானிப்பது குழாயின் அமைப்புதான்.

அதே சாலையில் மேலும் தெற்கே நெம்மேலியில், 2013-இல் தொடங்கிய நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையமும், 2024-இல் சேர்ந்த 15 கோடி லிட்டர் நிலையமும் உள்ளன. எதிர்ச் சவ்வூடு பரவலுக்கான மையவிலக்குப் பம்புகளும் நிற்கும்போது திரும்பும் ஓட்டத்தைச் சந்திக்கின்றன. ஆனால் நீர் அமுங்காது. அங்கே ஆபத்து, ஓடிக்கொண்டிருந்த நீர்த்தூண் செக் வால்வில் மோதி எழுப்பும் அழுத்த அலையில் இருக்கிறது. வாயுவில் ஆபத்து, குழாயில் அமுங்கிச் சேமிக்கப்பட்ட ஆற்றலில் இருக்கிறது. நீரில் வால்வு அறையாமல் மூடுவது முதன்மை. வாயுவில் அடைபட்ட வாயுவை வெளியேற்றுவது முதன்மை.

கல்பாக்கத்தில் ரோட்டரின் நிலைமம் தெரிந்தே பயன்படுத்தப்படுகிறது. அங்குள்ள 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையின் முதன்மை சோடியம் பம்புகளில், மின்சாரம் நின்ற பிறகும் ஓட்டம் பாதியாகக் குறைய 8 வினாடி ஆகும்படி சுழலும் நிலைமம் கூட்டப்பட்டுள்ளது. உலையின் வெப்பத்தை அகற்ற அந்த வினாடிகள் தேவை. எதிர்பாராத நிறுத்தம் அந்த வளாகத்துக்குப் புதிதல்ல. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடல்நீர்ப் பம்பு இல்லத்துக்குள் புகுந்து பம்புகளை நிறுத்தியபோது, இயங்கிக்கொண்டிருந்த சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டாம் அலகு பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. 2016 டிசம்பர் 12 அன்று கரைகடந்த வர்தா புயலில் சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் மின்கம்பங்கள் சாய்ந்து பரவலாக மின்சாரம் போனது. இந்தக் கடற்கரையில் திடீர் நிறுத்தத்தை அரிதான விதிவிலக்காக வைத்து வடிவமைக்க முடியாது.

தரநிலைகள், சோதனை, மறுதொடக்கம்

மையவிலக்குக் கம்ப்ரசரின் வடிவமைப்புக்கு ஏபிஐ 617, இயந்திரப் பாதுகாப்புக் கருவிகளுக்கு ஏபிஐ 670, உலர் வாயு சீல் அமைப்புகளுக்கு ஏபிஐ 692 ஆகியவை உலகெங்கும் பின்பற்றப்படுகின்றன. இந்தியாவில் எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககம் 1986-இல் அமைக்கப்பட்டது; அதன் தரநிலைகள் பொது, தனியார் ஆலைகள் இரண்டிலும் கம்ப்ரசர்களுக்கும் அழுத்தத் தணிப்பு அமைப்புகளுக்கும் வழிகாட்டுகின்றன. இந்தத் தரநிலைகள் எல்லாம் கருவிகளையும் கணக்கு முறைகளையும் சொல்கின்றன. குறிப்பிட்ட ஓர் ஆலையின் குழாய்க் கொள்ளளவுக்கு எந்த வால்வு போதும் என்பதை அந்த ஆலைக்கான கணக்கே சொல்லமுடியும்.

செக் வால்வு மூடியிருக்கிறதா என்பது வெளியிலிருந்து தெரியாது. பல ஆண்டுகள் திறந்தே நின்றுவிட்டு, ஒரே ஒரு நாள் ஒரே ஒரு வினாடிக்குள் மூடவேண்டிய கருவி அது. எனவே ஒவ்வொரு பெரிய பராமரிப்பு நிறுத்தத்திலும் அதைக் கழற்றி, தகடுகள், ஸ்பிரிங், கீல், இருக்கை ஆகியவற்றைப் பார்த்து, கசிவுச் சோதனை செய்யவேண்டும். இந்த வால்வு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1997 ஜூன் 22 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டீர் பார்க் என்ற இடத்தில் ஷெல் நிறுவனத்தின் ஒலிஃபின் ஆலையில் நடந்த விபத்து சான்று. கம்ப்ரசர் குழாயில் இருந்த 36 அங்குலக் காற்று உதவி செக் வால்வின் உட்பாகம் உடைந்து, அதன் தண்டு வெளியே தெறித்தது. அந்தத் துளை வழியே வெளியேறிய எரிவாயு தீப்பற்றி வெடித்தது. வாயு திரும்புவதைத் தடுக்க வைத்த கருவியே அழுத்தத்தைத் தாங்கும் சுவரில் பலவீனமான இடமாக அமைந்துவிட்டது. வால்வைத் தேர்வு செய்யும்போது அது மூடும் விரைவோடு, தண்டு வெளியே தெறிக்காத அமைப்பையும் பார்க்கவேண்டும் என்பது அந்த விசாரணையின் பாடம்.

மறுசுழற்சி வால்வின் திறக்கும் நேரத்தை ஆலை தொடங்கும்போது ஒருமுறை அளந்துவிட்டு மறந்துவிடக்கூடாது. கடற்கரையின் உப்புக் காற்றில் சோலனாய்டும் காற்றுக்குழாய் இணைப்புகளும் விரைவில் துருப்பிடிக்கும். கருவிக்காற்றில் ஈரம் சேர்ந்தால் சிறு துளைகள் அடைபடும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ட்ரிப் சமிக்ஞையிலிருந்து முழுத் திறப்பு வரையிலான நேரத்தை அளந்து, முதல் அளவோடு ஒப்பிடவேண்டும். உண்மையான ட்ரிப் ஒவ்வொன்றும் இலவசமாகக் கிடைக்கும் சோதனையே. அந்நேரத்தில் பதிவான வேகம், இரு பக்க அழுத்தம், வால்வு நிலை ஆகியவற்றை ஒரே நேரக்கோட்டில் வைத்துப் பார்த்தால், வாயு திரும்பியதா, எத்தனை முறை திரும்பியது, எந்தக் கருவி தாமதித்தது என்பவை தெரியும். இதற்கு வினாடிக்கு ஒரு பதிவு போதாது; மில்லிவினாடிகளில் பதியும் கருவி வேண்டும்.

எதிர்த்திசைச் சுழற்சியைத் தனியாகக் கண்டறியவும் வேண்டும். ஒற்றை வேக உணரி சுழலும் வேகத்தைச் சொல்லும், திசையைச் சொல்லாது. தண்டைச் சுற்றிச் சிறிது இடைவெளியில் வைத்த இரண்டு உணரிகளில் எது முதலில் சமிக்ஞை தருகிறது என்பதே திசையைக் காட்டும். தண்டு முழுவதும் நின்றதாக உறுதியாகும்வரை மோட்டாரைத் திரும்ப இயக்க அனுமதிக்காத தடையும் கட்டாயம் இருக்கவேண்டும்.

ட்ரிப்பில் வாயு திரும்பியதாகப் பதிவுகள் காட்டினால், கம்ப்ரசரை மீண்டும் ஓட்டுவதற்கு முன் தள்ளு பேரிங்கின் வெப்பநிலைப் பதிவு, அச்சுவழி நகர்வு, உலர் வாயு சீலின் கசிவு அளவு, மசகு எண்ணெயில் உலோகத் துகள்கள் ஆகியவை பார்க்கப்படவேண்டும். உறிஞ்சு பக்கத்தில் பாதுகாப்பு வால்வு திறந்திருந்தால் அதுவும் மறுபடி சோதிக்கப்படவேண்டும். செக் வால்வு மூடாததே காரணம் என்று தெரிந்தால், அதைச் சரிசெய்யாமல் அடைப்பு வால்வை மட்டும் நம்பி ஓட்டுவது அடுத்த ட்ரிப்பில் அதே சேதத்தை வரவழைக்கும். அடைபட்ட கொள்ளளவு அதிகம் என்பதே காரணமானால், செக் வால்வைக் கம்ப்ரசருக்கு அருகே மாற்றுவது, சூட்டு வாயுக் குழாயைச் சேர்ப்பது, மறுசுழற்சி வால்வின் ஆக்சுவேட்டரை விரைவுபடுத்துவது ஆகிய மூன்றில் எது போதும் என்பதை மாதிரியாக்கத்தில் கணக்கிட்ட பிறகே மாற்றம் செய்யப்படவேண்டும்.